கடிதங்களின் அடிப்பாதி

"அடிப்பாதி எங்கம்மா?"

"எதோட அடிப்பாதி சார்?"

"இந்தக் கடுதாசியோடது. இதுக்கும் இல்ல. பாருங்க, இதுக்கும் இல்ல. எல்லாமே இடுப்போட நிக்குது. உங்க மருந்தைப் பாராட்டறவங்க யாரும் கையெழுத்தே போட மாட்டாங்களா?"

"வரும்போதே அப்படித்தான் சார் வந்துது."

"கத்தரிக்கோல்ல வெட்டி உறையில போட்டா அனுப்புனாங்க?"

கதவுக்கு வெளியே யாரோ சிரிப்பை விழுங்குவது கேட்டது. மூடியக்காவாகத்தான் இருக்கும். புட்டிகளுக்கு மூடி திருகுவது அவள் வேலை. பதினொரு வருடமாகத் திருகித் திருகி அவளுடைய வலது மணிக்கட்டு இடதை விடப் பருத்துப் போயிருந்தது. எந்த நேரத்தில் சிரிக்கக் கூடாதோ அந்த நேரத்தில் சரியாக அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கேள்வி கேட்டவர் மருந்துத் துறை ஆய்வாளர். காலை பத்து மணிக்கு இரண்டு உதவியாளர்களோடும் ஒரு பெட்டி அரக்கோடும் ஒரு கட்டுத் துணிப் பைகளோடும் வந்து இறங்கியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசை மேல் தேடுகிற ஆள். வந்ததிலிருந்து ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பொய் சொன்னவள் நான். கம்பெனிக்கு வருகிற கடிதங்களைப் படிப்பது என் வேலை. கம்பெனி என் சித்தப்பாவுடையது.

கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். முன்னால் ஒரு விற்பனை அறை, நடுவில் புட்டி நிரப்புகிற கூடம், பின்னால் என் அறை, மாடியில் நாங்கள் குடியிருக்கும் வீடு. செய்வதும் ஒரே ஒரு மருந்து, இருமல் டானிக். கூடத்தின் மூலையில் ஆளுயரப் பீப்பாய் ஒன்று உண்டு. அதன் அடியில் பித்தளைக் குழாய். நிரப்பிய பழுப்புப் புட்டிகளைச் சன்னல் ஓரமாக அடுக்கி வைப்பார்கள். மாலை வெயில் அவற்றின் வழியே நுழைந்து தரையில் தேன் நிறத்தில் விழும். சிறுமியாக இருந்தபோது அந்த வெளிச்சத்தில் கால் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துச் சுவர் ஓரமாகவே நடப்பேன்.

அன்று அந்த வெளிச்சத்தின் நடுவில் ஆய்வாளரின் உதவியாளர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே நாளில் நிரப்பிய புட்டிகளை எடுத்து மூன்று பங்காகப் பிரித்துப் பையில் கட்டி முத்திரை வைத்தார்கள். ஒரு பங்கு பரிசோதனைக் கூடத்துக்கு, ஒரு பங்கு கோர்ட்டுக்கு, ஒரு பங்கு முதலாளிக்கே. தன் பங்கைச் சித்தப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், ஏதோ விழாவில் பரிசு வாங்குகிறவர் மாதிரி.

"சார், பரிசோதனை எதுக்கு? இங்கேயே காட்டறேன் பாருங்க" என்று சொல்லி, திறந்திருந்த புட்டியிலிருந்து இரண்டு மூடி ஊற்றி மடக்கென்று குடித்தார். "இருபது வருஷமா தினம் சாயங்காலம் குடிக்கறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"ஒரு நாள் குடிக்காம இருந்து பாத்திருக்கீங்களா?" என்றார் ஆய்வாளர்.

சித்தப்பா மூடியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, அடியில் தங்கிய சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டார்.

ஆய்வாளர் ஒரு புட்டியை என் மேசைக்குக் கொண்டுவந்து லேபிளை வாய்விட்டு வாசித்தார். "சுத்தமான மூலிகைச் சாறு. மயக்கம் தரும் பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வேளைக்கு இரண்டு மூடி." நிறுத்திவிட்டு, "எழுத்து அழகா இருக்கு. அச்செழுத்து மாதிரி இல்லையே?" என்றார்.

"கையால எழுதி அச்சுக்கு பிளாக் எடுத்தது சார்."

"யார் கையால?"

"என்னோடது."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தேடி மேசையைத் தடவ ஆரம்பித்தார்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "இதுல என்ன கலந்திருக்குன்னு பரிசோதனைக் கூடம் சொல்லிடும்மா. அது பெரிய காரியமில்ல. லேபிள் பொய்னு நிரூபிச்சா அபராதம். கட்டிட்டு, வேற பேர்ல வேற லேபிள் ஒட்டி, அதே பீப்பாய்லேருந்து ஊத்துவாங்க. நான் எத்தனையோ பாத்துட்டேன். குடிச்சவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சும் வித்தாங்கன்னு காட்டணும். அதுக்கு எனக்கு ஒரு தாள் வேணும். முழுத் தாள்கூட வேணாம். அடிப்பாதி போதும்."

*

வெட்டுகிற வேலை எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

புட்டியோடு ஒரு விளம்பரத் தாள் மடித்து வைப்போம். அதில் மருந்தைக் குடித்துக் குணமானவர்களின் கடிதங்கள் இருக்கும். சித்தப்பா எந்தக் கடிதத்தையும் கற்பனையாக எழுதச் சொன்னதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. "மத்தவங்க மாதிரி நாம உக்காந்து எழுதிக்கறதில்ல. எல்லாம் ஜனங்க எழுதினது" என்பார். நானும் எந்தக் கடிதத்திலும் ஒரு எழுத்தைக்கூட மாற்றியதில்லை. வெட்டியதோடு சரி.

கடிதம் எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குறை சொல்லத்தான் எழுதுவார்கள், ஆனாலும் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார்கள். நலம், நலமறிய அவா. தங்கள் டானிக் கிடைத்தது. குடித்ததும் நல்ல பலன் தெரிந்தது. இப்படியெல்லாம் நாலு வரி மரியாதையாக எழுதிவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, "ஆனால்" என்று தொடங்குவார்கள். அந்த "ஆனால்" பெரும்பாலும் தாளின் நடுவில் வரும். நான் அதற்கு மேலே கத்தரியை வைப்பேன். மேல்பாதி அச்சகத்துக்குப் போய் வந்து கோப்பில் சேரும். அடிப்பாதி அடுப்புக்குப் போக வேண்டும் என்பது சித்தப்பாவின் உத்தரவு.

மூடியக்கா தினமும் காலையில் என் அறையை எட்டிப் பார்த்து, "என்ன தபால், இன்னைக்கு எத்தனை பேர் பிழைச்சாங்க?" என்று கேட்பாள். எனக்கு அவள் வைத்த பேர் தபால். நானும் "மூணு பேர் பிழைச்சாங்க, ரெண்டு பேர் ஆனால்" என்பேன். இருவரும் சிரிப்போம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு யாருடையதோ என்று தோன்றுகிறது.

அடிப்பாதிகளை நான் எரிக்கவில்லை. பெரிய நியாயம் எதுவும் காரணமில்லை. கையெழுத்து அடியில்தான் இருக்கும். ஒரு ஆள் தன் பேரை எழுதி, அதன் கீழே ஒரு கோடு இழுத்திருப்பார்; சிலர் இரண்டு புள்ளியும் வைத்திருப்பார்கள். அதைத் தீயில் போடக் கை வரவில்லை. பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைத்தேன். நாலு வருடத்தில் டப்பா நிறைந்துவிட்டது.

ஆய்வாளர் வந்து போன அன்று சாயங்காலம், மாடியில் சாப்பிட உட்கார்ந்தபோது சித்தப்பா கேட்டார்.

"எல்லாத்தையும் எரிச்சுட்டே இல்ல?"

"எரிச்சுட்டேன் சித்தப்பா."

ஒரே நாளில் இரண்டு பேரிடம் இரண்டு பொய். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"நீ எரிச்சிருப்பேன்னு தெரியும்" என்று சொல்லி என் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டார்.

அம்மாவும் அப்பாவும் ஒரே விபத்தில் போனபோது எனக்கு ஏழு வயது. சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "அந்தக் குழந்தையும் கூடவா?" என்று பெண் வீட்டார் கேட்டார்களாம். "குழந்தைதான் முதல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிடுவார். வகிடு எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். "வழி கோணலா இருந்தா என்னம்மா, போய்ச் சேர்ந்தா சரி" என்பார். டானிக் வாசனை அடிக்கும் விரல்கள். இன்றும் அந்த வாசனை வந்தால் யாரோ என் தலையைத் தொடுவது போல் இருக்கும்.

இந்த மனிதரைத்தான் நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன்.

*

இருபத்து மூன்றாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. ஒற்றைத் தாள். சித்தப்பா விற்பனை அறையில் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மூலிகைச் சாறு கொஞ்சம், சர்க்கரைப் பாகு நிறைய, அபின் சத்து. அதன் அளவை எண்ணில் போட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். லேபிளில் சொன்ன இரண்டு மூடி, சிறு குழந்தையின் மூச்சை மந்தப்படுத்தப் போதுமானது.

"அபினா சித்தப்பா?"

"எல்லா இருமல் மருந்துலயும் இருக்கறதுதாம்மா. எங்க அப்பா காலத்துக் கூட்டு. அது இல்லாம இருமல் நிக்காது."

"லேபிள்ல இல்லைன்னு போட்டிருக்கோமே."

"இருக்குன்னு போட்டா எந்தத் தாய் வாங்குவா?"

சாதாரணமாகத்தான் சொன்னார். வெளியே ஒரு வண்டிக்காரன் பெட்டி இறக்க வந்து நின்றான். இறக்க வேண்டாம் என்று மூடியக்கா கையை ஆட்டி அவனைத் திருப்பி அனுப்பினாள். பீப்பாயின் குழாயில் ஆய்வாளர் அன்றே வைத்துவிட்டுப் போன அரக்கு முத்திரை ஆறிய ரத்தம் போல் இருந்தது.

"முன்னாடி ஒரு மூடின்னுதான் இருந்துது" என்றேன்.

அது உண்மை. பழைய லேபிளில் குழந்தைகளுக்கு ஒரு மூடி. இரண்டு வருடம் முன்பு சித்தப்பா என் மேசைக்கு வந்து, "புது லேபிள் எழுதும்மா. ரெண்டு மூடின்னு போடு. ஒரு மூடி குடுத்தா புட்டி மாசக்கணக்குல அலமாரியிலேயே நிக்குது" என்றார். எழுதினேன். "இரண்டு" என்ற சொல்லின் சுழியை நன்றாக வரும்வரை மூன்று முறை எழுதிப் பார்த்தது நினைவிருக்கிறது. அழகாக வர வேண்டும் என்ற கவலை மட்டும்தான் அன்று எனக்கு இருந்தது.

அன்று மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவைத் திறந்தேன். குணமாகவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். புட்டியில் பூச்சி கிடந்தது என்று ஒருவர். இரண்டு நாள் கொடுக்காவிட்டால் பையன் நடுங்குகிறான் என்று ஒரு அப்பா. நான் தேடியது அடியில் இருந்தது. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வந்த நாளிலிருந்தே தெரியும்.

அதன் மேல்பாதி விளம்பரத் தாளில் மூன்றாவது கடிதமாக அச்சாகியிருந்தது. "என் மகளுக்கு ஆறு வயது. தங்கள் டானிக்கைக் கொடுத்த மூன்றாம் நாளே இருமல் நின்றது. குழந்தை அசையாமல் தூங்கினாள். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்." கீழே, உறையில் இருந்தபடி, ஒரு தையல்காரியின் பெயரும் தெருவும்.

அடிப்பாதி இது:

"ஆனால் ஒன்பதாம் நாள் காலையில் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. தங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. லேபிளில் போட்டபடி வேளைக்கு இரண்டு மூடிதான் கொடுத்தேன். அளவு கூடிவிட்டதா, அல்லது குறைத்துக் கொடுத்துவிட்டேனா என்று தெரியவில்லை. நீதான் அளவைத் தப்பாகக் கொடுத்திருப்பாய் என்று அவள் அப்பா சொல்கிறார். என் அளவு சரியா என்று மட்டும் ஒரு வரி எழுதினால் போதும். பதில் போடத் தபால்தலை வைத்திருக்கிறேன்."

தபால்தலை அந்தத் தாளிலேயே ஓரமாக ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. பதினாலு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கடிதம் வந்த அன்று நான் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முழுதும் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். "பிள்ளைங்க போறது மருந்தாலயாம்மா? நோயால போகுதுங்க" என்றார். பிறகு, "மேல நாலு வரி நல்லா இருக்கு" என்றார். நான் என் அறைக்கு வந்து கத்தரியை எடுத்தேன்.

*

வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லி ஆய்வாளர் ஆள் அனுப்பியது அதற்கு அடுத்த வாரம். விளம்பரத் தாளில் பேர் இருந்தவர்களையும் விசாரிக்கிறார்கள் என்று வந்த ஆள் சொன்னான்.

காலையில் டப்பாவைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். சித்தப்பா வாசலில் நின்றார். வேலை நின்றதிலிருந்து அங்கேதான் நிற்கிறார், வராத வண்டிகளை எதிர்பார்த்துக்கொண்டு. இருந்த புட்டிகளுக்கும் முத்திரை விழுந்து டானிக் இல்லாத அந்த நாட்களில் அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

பைக்குள் டப்பாவின் மூலை துருத்திக்கொண்டு தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். அது என் மேசைக்கு அடியில் நாலு வருடம் இருந்த டப்பா. அவருக்குத் தெரியாதா?

அவர் ஏதாவது கேட்டால் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். எரித்துவிட்டேன் என்றாயே என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார். நடுங்குகிற கையால் குடையை என் கையில் வைத்து விரல்களை மூடினார். "டப்பா நனையாம பாத்துக்கோ."

தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். தூறல் விழுந்தது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதற்கு மேல் குடையைச் சாய்த்துப் பிடித்தேன். என் முதுகு முழுவதும் நனைந்தது.

மருந்துத் துறை அலுவலகம் இரண்டாவது மாடி. நீண்ட நடைபாதை, ஒரு பெஞ்சு, கம்பி வலை போட்ட அலமாரிகள். அவற்றுக்குள் பறிமுதல் செய்த புட்டிகள் வரிசையாக நின்றன. முடி வளர்ப்பவை, எடை குறைப்பவை, சர்க்கரையை வேரோடு அறுப்பவை. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. யாரும் வந்து அழைத்துப் போகாத பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

வாசலில் ஒரு ஸ்டூல் மேல் வருகைப் பதிவேடு. பேனாவை நூலால் கட்டி வைத்திருந்தார்கள். பேர், முகவரி, வந்த காரணம். எழுதினேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து வந்திருக்கிறாள்.

"நூல் குட்டையா இருக்கு, பாத்து எழுதுங்க" என்று பேனாவை நகர்த்திக் கொடுத்தேன்.

அவள் எழுதவில்லை. குனிந்து பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதிவிட்டு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல் நுனிகளில் ஊசி குத்திய சிறு கறுப்புப் புள்ளிகள்.

"உங்களையும் அந்த டானிக் விஷயமாத்தான் கூப்பிட்டாங்களா?" என்றாள்.

"ஆமா."

"என்னையும்தான். நான் கடுதாசி எழுதினேனான்னு கேக்கணுமாம். எழுதினேன். ஆனா அச்சடிச்சது நான் எழுதினது இல்ல. நான் எழுதினதுல மேல கொஞ்சம்." அவள் பைக்குள்ளிருந்து எங்கள் விளம்பரத் தாளை எடுத்தாள். மடிப்புகள் நைந்து கிழியும் நிலையில் இருந்தன. "எங்க தெருவுல ஒரு வீட்டுல கைக்குழந்தைக்கு இதை வாங்கியிருந்தாங்க. உங்க பேரைப் பாத்துத்தான் வாங்கினேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. என் வீட்டுக்காரர் அப்ப பக்கத்துல நிக்கறார். குழந்தையை மண்ணுல போட்டுட்டு மருந்துக்கு விளம்பரம் குடுத்திருக்கியான்னு ஒரே ஒரு தடவை கேட்டார். அதுக்கப்புறம் எங்கிட்ட பேசறதில்ல."

"அந்தக் குழந்தை?"

"புட்டியைப் பிடுங்கிச் சாக்கடையில கொட்டிட்டேன். பைத்தியம்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும்."

உள்ளே தட்டச்சு இயந்திரம் ஒன்று விட்டு விட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அளவுல தப்புப் பண்ற ஆள் இல்லம்மா" என்றாள் அவள், நாடாவைப் பிடித்துக்கொண்டு. "ஒருத்தரைப் பாத்தாலே தோள் எத்தனை, கை எத்தனைன்னு சொல்லிடுவேன். அரை விரல்கூட மாறாது. புட்டியைக் கண்ணுக்கு நேரா வெச்சு, விளிம்பு வரைக்கும் ரெண்டு மூடி. தினமும். ஆனா பதினாலு மாசமா அந்தக் கை என்னோடது மாதிரியே இல்ல. துணியில கத்தரி வெக்கும்போதெல்லாம் நின்னுடுது."

நான் துணிப்பையின் வாயைத் திறந்தேன். டப்பாவின் மூடி இறுகியிருந்தது. நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. மேலாக எடுத்து வைத்திருந்த அந்தத் துண்டை அவள் மடியில் வைத்தேன்.

அவள் உடனே கண்டுகொண்டாள். தன் கையெழுத்து யாருக்குத் தெரியாது? முதலில் தபால்தலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வெட்டிய விளிம்பின் மேல் விரலை ஓட்டினாள், ஒரு தையல்காரி துணியின் விளிம்பைப் பார்ப்பது போல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

"நீங்கதானா?" என்றாள்.

"நான்தான் வெட்டினேன்."

"அதைக் கேக்கல." பதிவேடு இருந்த ஸ்டூலைக் கையால் காட்டினாள். "அந்த எழுத்தைப் பாத்ததுமே தூக்கிவாரிப் போட்டுது. லேபிள் எழுத்து. எங்க வீட்டுப் புட்டியை நான் தூக்கிப் போடல. பதினாலு மாசமா அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இரண்டு மூடி. அந்தச் சுழி. அவ்வளவு அழகா எழுதறவங்க தப்பா எழுத மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"ஒண்ணுதான் இருந்துது" என்றேன். "முன்னாடி ஒரு மூடிதான். நான்தான் ரெண்டுன்னு எழுதினேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா கேக்கவும் இல்ல."

அவள் என் கையை எடுத்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். என் வலது கையைத் திருப்பி, பேனா பிடித்துத் தடித்த நடுவிரலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு எடுக்கிறாள் என்று தோன்றியது. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு என் விரலில் விழுந்தது. அதை அவளே தன் கட்டைவிரலால் துடைத்தாள்.

கதவு திறந்தது. உதவியாளர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் ஆய்வாளர் தெரிந்தார். நெற்றியில் கண்ணாடி. என் மடியில் திறந்திருந்த டப்பாவைப் பார்த்துவிட்டார்.

நான் எழுந்தேன். அவள் என் கையை விடவில்லை.

"இது உள்ள போச்சுன்னா கோர்ட்டுக்குப் போயிடும் இல்ல?" என்றாள். "தீர்ப்பு எப்ப வரும், யார் வாசிப்பாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க முதலாளிக்கு என்ன ஆகும்னும் எனக்கு வேண்டாம். நீங்க உள்ள போறதுக்கு முன்னாடி..."

எழுந்து போய்ப் பேனாவை நூலோடு அறுத்து எடுத்துக்கொண்டு வந்தாள். மடிப்பு நைந்த விளம்பரத் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் ஒன்றும் அச்சடிக்காமல் வெறுமையாக இருந்தது. அதை டப்பாவின் மூடி மேல் விரித்து, நான்கு மூலைகளையும் துணியை நீவுவது போல நீவினாள்.

"ஒரு வரி போதும். அளவு தப்பில்லைன்னு. அந்த லேபிள்ல இருக்கற அதே எழுத்துல எழுதணும், அதைத்தான் என் வீட்டுக்காரர் நம்புவார். அடியில உங்க கையெழுத்தும் போட்டு... எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா."